உயிரியல் பட்டமும் கல்விக் கடனும்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு. பயாலஜி குரூப். நீட் மதிப்பெண் நினைத்த அளவுக்கு இல்லை. "சரி, பி.எஸ்சி விலங்கியலோ மைக்ரோபயாலஜியோ சேர்ந்துடலாம்" என்று வீட்டில் முடிவாகிறது. கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், "லோன் போட்டுக்கலாம், படிச்சு முடிச்சு வேலைக்குப் போய் கட்டிக்கலாம்" என்று பதில் வருகிறது. கடலூர், சிதம்பரம் பக்கம் ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது.

கடன் வாங்குவது தப்பில்லை. படிப்புக்கு வாங்கும் கடன் நல்ல கடன்தான். ஆனால் எந்தப் படிப்புக்கு, எந்தக் கட்டத்தில், எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு வாங்க வேண்டும். உயிரியல் படிப்புக்கு இந்தக் கணக்கு மற்ற படிப்புகளைவிடக் கொஞ்சம் மாறுபடும். அது எப்படி என்று பார்ப்போம். உங்கள் செல்போனில் உள்ள கால்குலேட்டர் போதும்.

உயிரியலுக்கு ஏன் தனிக் கணக்கு?

பொறியியல் படித்தவர் நான்கு ஆண்டு முடிந்ததும் வேலை தேடலாம். உயிரியலில் பெரும்பாலும் முதல் பட்டம் கடைசிப் பட்டமாக இருப்பதில்லை. உயிரியல் சார்ந்த நல்ல வேலைகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

* பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் ஆக பி.எஸ்சி மட்டும் போதாது. பி.எட் வேண்டும், ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது 'டெட்' இரண்டாம் தாளில் தேர்ச்சி வேண்டும், பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் இருக்கிறது.
* கல்லூரி ஆசிரியர் ஆக எம்.எஸ்சியுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி, அல்லது பி.எச்டி வேண்டும்.
* அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன் ஆக அதற்கென உள்ள மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பு வேண்டும். விலங்கியல் பட்டம் அந்த இடத்துக்குச் செல்லாது. இது தெரியாமல் சேருபவர்கள் நிறைய பேர்.
* ஆராய்ச்சிக்குப் போக எம்.எஸ்சி அவசியம்.

ஆக, வருமானம் தாமதமாகத்தான் தொடங்குகிறது. கடன் அப்படிக் காத்திருக்காது. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டில் தவணை தொடங்கிவிடும். நீங்கள் பி.எட் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது வங்கியிலிருந்து மெசேஜ் வரும். மேற்படிப்பைத் தொடர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி வங்கியிடம் கேட்கலாம். அவர்கள் ஒப்புக்கொண்டாலும் வட்டி நிற்காது.

மூன்று லட்சம் எப்படி வளருகிறது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். தனியார் கல்லூரி ஒன்றில் கட்டணமும் விடுதியும் சேர்த்து ஆண்டுக்கு ரூ.1 லட்சம். மூன்று ஆண்டுக்கு ரூ.3 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வங்கியின் வட்டி இதைவிடக் கூடவோ குறையவோ இருக்கலாம்.

படிக்கும் மூன்று ஆண்டும் அதற்குப் பிறகான ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். இந்தக் காலத்தில் தனி வட்டிதான், வட்டிக்கு வட்டி இல்லை. ஆனாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். முதல் ஆண்டு வாங்கிய ரூ.1 லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி ரூ.40,000. இரண்டாம் ஆண்டு வாங்கியதற்கு ரூ.30,000. மூன்றாம் ஆண்டு வாங்கியதற்கு ரூ.20,000. மொத்தம் ரூ.90,000. முதல் தவணை கட்டும் நாளில் உங்கள் கடன் ரூ.3 லட்சம் அல்ல, ரூ.3.90 லட்சம்.

இதை எத்தனை ஆண்டில் அடைப்பது?

* 5 ஆண்டு என்றால் மாதம் சுமார் ரூ.8,290. மொத்தம் கட்டுவது சுமார் ரூ.4.97 லட்சம்.
* 7 ஆண்டு என்றால் மாதம் சுமார் ரூ.6,470. மொத்தம் சுமார் ரூ.5.44 லட்சம்.
* 10 ஆண்டு என்றால் மாதம் சுமார் ரூ.5,150. மொத்தம் சுமார் ரூ.6.18 லட்சம்.

தவணை சின்னதாகத் தெரியட்டும் என்று 10 ஆண்டு எடுத்தால், வாங்கியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறீர்கள். "மாசம் அஞ்சாயிரம்தானே" என்று கேட்கும் முன் மொத்தத் தொகையையும் ஒருமுறை பாருங்கள்.

நினைவில் வைக்க ஒரே ஒரு விதி

கையில் வாங்கும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கல்விக் கடன் தவணைக்குப் போகக் கூடாது. மீதியில்தான் வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்பும் பணம், அடுத்த தேர்வுக்கான செலவு எல்லாம் நடக்க வேண்டும்.

10 சதவீத வட்டி, 7 ஆண்டுத் தவணை என்று வைத்து இந்த விதியைப் போட்டுப் பார்த்தால் ஒரு எளிய விடை கிடைக்கிறது. தவணை தொடங்கும் நாளில் உங்கள் மொத்தக் கடன், நீங்கள் வாங்கப்போகும் முதல் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

மேலே சொன்ன ரூ.3.90 லட்சத்தை 12 மாதத்தால் வகுத்தால் ரூ.32,500. அதாவது பி.எஸ்சி முடித்த ஓராண்டிலேயே மாதம் ரூ.32,500 கையில் வரும் வேலை இருந்தால்தான் இந்தக் கடன் பாரமாக இருக்காது. தமிழ்நாடு அரசின் பட்டதாரி ஆசிரியர் பணிக்கான ஊதிய விகிதம் ரூ.36,400 – 1,15,700. அந்தப் பணிக்கே பி.எட், டெட், போட்டித் தேர்வு எல்லாம் தாண்ட வேண்டும். வெறும் பி.எஸ்சியோடு முதல் ஆண்டிலேயே அதற்குப் பக்கத்தில் சம்பளம் கிடைக்கும் என்று நம்பிக் கடன் வாங்கலாமா? நீங்களே சொல்லுங்கள்.

இப்போது தலைகீழாகப் பாருங்கள். முதல் வேலையில் மாதம் ரூ.15,000 கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுச் சம்பளம் ரூ.1.80 லட்சம். நான்கு ஆண்டு வட்டியைக் கழித்தால், நீங்கள் வாங்கக்கூடிய அசல் சுமார் ரூ.1.38 லட்சம். ஆண்டுக்கு ரூ.46,000. அதற்கு மேல் கேட்கும் கல்லூரி என்றால் யோசிக்க வேண்டும்.

சம்பளம் எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கல்லூரி விளம்பரத்தில் பெரிய சம்பளம் வாங்கிய ஒருவரின் படம் இருக்கும். அவரை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார் என்று பார்க்க வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன.

முதலாவது, என்.ஐ.ஆர்.எப் தரவு. மத்திய அரசின் இந்தத் தரவரிசையில் பங்கேற்கும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும். அதில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன என்று இருக்கும். எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்கவைத்தால் நட்ட நடுவில் நிற்பவரின் சம்பளம்தான் இடைநிலைச் சம்பளம். கல்லூரி பெயரோடு 'என்.ஐ.ஆர்.எப்' என்று கூகுளில் தேடினால் பி.டி.எப் கிடைக்கும். இது எல்லாத் துறைக்கும் சேர்ந்த கணக்கு என்பதால், துறைத் தலைவரிடம் "போன வருஷம் நம்ம துறையில முடிச்சவங்க இப்ப எங்க இருக்காங்க?" என்று தனியாகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இரண்டாவது, தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலை இணையதளம். அதில் மாவட்டத்தையும் கல்வித் தகுதியையும் தேர்ந்தெடுத்துத் தேடலாம். கடலூர் சிப்காட்டில் உள்ள ரசாயன, மருந்துத் தொழிற்சாலைகளின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்கள், பரங்கிப்பேட்டை பக்கத்து இறால் பண்ணைகள், மருந்து விற்பனைப் பிரதிநிதி வேலை என எதற்கு என்ன படிப்பு கேட்கிறார்கள், என்ன சம்பளம் போடுகிறார்கள் என்று பத்து விளம்பரம் பார்த்தாலே ஒரு தெளிவு வரும். கடலூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலும் நேரில் கேட்கலாம்.

மூன்றாவது, அரசு அறிவிக்கைகள். முதுகலை ஆசிரியருக்கு ரூ.36,900 – 1,16,600. சி.எஸ்.ஐ.ஆர்–யு.ஜி.சி நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளில் ஜே.ஆர்.எப் பெற்று பி.எச்டி சேர்ந்தால், 2023 ஜனவரி முதல் மாதம் ரூ.37,000 உதவித்தொகை. டி.என்.பி.எஸ்.சி குரூப் 4 இளநிலை உதவியாளருக்கு ரூ.19,500 – 71,900. ஆனால் இதில் ஒரு விஷயம். குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். ஆகவே "குரூப் 4 எழுதிப் பாஸ் பண்ணிக் கடனை அடைச்சிடுவேன்" என்பது இந்தப் பட்டத்துக்குக் கடன் வாங்கக் காரணம் ஆகாது.

முதல் பட்டம் கடனில்லாமல்

ரூ.15,000 கணக்கைப் பார்த்துவிட்டு "அப்ப பயாலஜியே வேண்டாமா?" என்று கேட்காதீர்கள். படிக்கலாம். முதல் பட்டத்தைச் செலவில்லாமல் முடிக்க நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அருகே சி.முட்லூரில் அரசு கலைக் கல்லூரி, விருத்தாசலத்தில் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி. அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள்தான். எந்தக் கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் எது இருக்கிறது என்பதை அரசு கலைக் கல்லூரிகளின் ஆன்லைன் சேர்க்கைத் தளத்தில் பார்க்கலாம். விண்ணப்பமும் அதிலேயே. ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு கல்லூரியோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. 1929இல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகம் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. அரசுப் பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் அரசு கலைக் கல்லூரி மாதிரியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் வேறு. அந்த ஆண்டுக் கட்டண விவரத்தை வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூடவே இந்த உதவிகளையும் கணக்கில் சேருங்கள்.

* புதுமைப் பெண் திட்டம்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் ரூ.1,000. 2022 செப்டம்பர் 5இல் தொடங்கியது.
* தமிழ்ப் புதல்வன் திட்டம்: இதேபோல மாணவர்களுக்கு மாதம் ரூ.1,000. 2024 ஆகஸ்ட் 9இல் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்த இரு திட்டங்களும் உண்டு.
* ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமான வரம்பு ரூ.2.5 லட்சம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் தனி உதவித்தொகை இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள்.

மாதம் ரூ.1,000 சின்னத் தொகை என்று நினைக்க வேண்டாம். நம் உதாரணத்தில் முதல் ஆண்டு ரூ.1 லட்சம் கடனுக்கு மாத வட்டி சுமார் ரூ.833. இந்த உதவித்தொகையை வைத்தே அந்த வட்டியைக் கட்டிவிடலாம். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வருபவர்களுக்குப் பல வங்கிகளில் 1 சதவீதம் வரை வட்டிச் சலுகையும் உண்டு. அந்த ரூ.90,000 வட்டி முழுவதையும் அவ்வப்போது கட்டிவிட்டால், சலுகை இல்லாமலே 7 ஆண்டுக் கணக்கில் மொத்தத்தில் சுமார் ரூ.35,000 மிச்சம்.

கடனை எங்கே பயன்படுத்துவது?

முதல் பட்டம் கடனில்லாமல் முடிந்தால், கடனை இரண்டாவது படிக்கு வைத்துக்கொள்ளலாம். சம்பளத்தைக் கூட்டுவது அந்தப் படிதான்.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. கடல் உயிரியலில் எம்.எஸ்சி படிக்க வெளியூர்களிலிருந்து இங்கே வருகிறார்கள். நமக்கோ பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம். பக்கத்துச் சீர்காழியில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் இருக்கிறது. பிச்சாவரம் அலையாத்திக் காடு கண்ணெதிரே. இந்தத் துறையில் ஆர்வம் உள்ளவர்களுக்கு நம் ஊர் நல்ல இடம்.

எம்.எஸ்சிக்கு ஆண்டுக்கு ரூ.60,000 வீதம் ரூ.1.20 லட்சம் கடன் என்று வைப்போம். படிப்பு இரண்டு ஆண்டு, தவணை விலக்கு ஓராண்டு. வட்டி ரூ.30,000. மொத்தம் ரூ.1.50 லட்சம். 7 ஆண்டுத் தவணை மாதம் சுமார் ரூ.2,490. நம் விதிப்படி மாதம் ரூ.12,500 சம்பளம் இருந்தாலே சமாளிக்கலாம். ஜே.ஆர்.எப் கிடைத்துவிட்டால் ஓராண்டுக்குள்ளேயே முடித்துவிடலாம்.

இன்னொரு வழி, உயிரியல் படித்தவர்களுக்கான தொழிற்படிப்புகள். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு டாக்டர் ஜெ.ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பி.எப்.எஸ்சி, வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இவற்றில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. நீட் முடிவுக்காகவே காத்திருந்து இவற்றின் விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

கடன் வாங்கத்தான் வேண்டும் என்றால்

வித்யாலட்சுமி இணையதளத்தில் ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்பலாம். ரூ.4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. உங்கள் கைப்பணம் போடவும் தேவையில்லை. ஆனால் அப்பாவோ அம்மாவோ இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் அடமானமும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் இருந்தால், ரூ.10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை விலக்குக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் இது பட்டியலில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். மானியமும் ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்குத்தான். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குடும்ப வருமானம் ரூ.4.5 லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கான முழு வட்டி மானியம் தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புகளுக்கானது. சாதாரண பி.எஸ்சி அதில் வராமல் போகலாம். "வட்டியை கவர்மென்ட் கட்டிடும்" என்று யாராவது சொன்னால், உங்கள் படிப்பின் பெயரைச் சொல்லி வங்கியில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாவற்றுக்கும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் கூட்டம் அதிகம். மாவட்ட நிர்வாகம் நடத்தும் கல்விக் கடன் முகாம் அறிவிப்பையும் கவனியுங்கள். கடலூர் மாவட்டத்தின் முன்னோடி வங்கி இந்தியன் வங்கி. விண்ணப்பம் காரணமில்லாமல் இழுத்தடிக்கப்பட்டால் முன்னோடி வங்கி மேலாளரிடமோ, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலோ, 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலோ சொல்லலாம். வங்கி மீதான புகாருக்கு ரிசர்வ் வங்கியின் 14448 எண் இருக்கிறது.

தவணை கட்ட முடியாமல் போனால்?

கட்டத் தவறினால் உங்கள் சிபில் மதிப்பெண் மட்டும் குறையாது. இணைக் கையெழுத்துப் போட்ட அப்பா, அம்மாவின் மதிப்பெண்ணும் குறையும். அடுத்த முறை பயிர்க் கடனுக்கோ தம்பியின் படிப்புக்கோ அவர்கள் வங்கிக்குப் போகும்போது அது தெரியும்.

"விளைச்சல் வந்ததும் அப்பா கட்டிடுவார்" என்ற கணக்கும் வேண்டாம். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் ஒரே நாளில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சாய்த்ததை வீட்டில் கேட்டால் சொல்வார்கள். மரம் சாய்ந்தாலும் தவணைத் தேதி மாறாது. ஆகவே கடனை உங்கள் சம்பளத்தை வைத்தே அளவிடுங்கள்.

ஏற்கெனவே கடன் வாங்கிச் சிரமப்படுகிறீர்களா? மூன்று தவணை தவறும் வரை காத்திருக்காதீர்கள். முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய், தவணைக் காலத்தை நீட்டித்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். கல்விக் கடனை 15 ஆண்டு வரை நீட்டிக்க இடம் உண்டு. மொத்த வட்டி கூடும்தான். ஆனால் வாராக்கடன் ஆவதைவிட அது நல்லது.

கையெழுத்துப் போடும் முன் ஐந்து கேள்வி

1. இந்தப் பட்டத்தோடு நேராக வேலைக்குப் போகிறேனா, இன்னும் படிக்கப் போகிறேனா?
2. இதே படிப்பு அரசுக் கல்லூரியில் இருக்கிறதா? விண்ணப்பித்தேனா?
3. இந்தத் துறையில் முடித்தவர்களின் இடைநிலைச் சம்பளம் என்ன?
4. தவணை தொடங்கும் நாளில் வட்டியோடு சேர்த்து என் கடன் எவ்வளவு?
5. அது என் ஓராண்டுச் சம்பளத்துக்குள் இருக்கிறதா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆமாம்" என்றால் தைரியமாகக் கையெழுத்துப் போடுங்கள். "இல்லை" என்றால் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. கல்லூரியை மாற்ற முடியுமா, தொகையைக் குறைக்க முடியுமா, கடனை எம்.எஸ்சிக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று பாருங்கள். திட்டங்களின் வருமான வரம்பும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் அந்தந்த இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.